டயாலிசிஸும் தைராக்ஸினும்: நேரக் கணக்கு பார்ப்பது எப்படி

முதலில் கண்டுபிடித்தவள் என் தங்கை. போனில் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, "அக்கா, ஒரு மாசமாவே உன் குரல் சரியில்ல. கரகரன்னு இருக்கு. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நான் காத்துக்கிட்டு இருக்க வேண்டியிருக்கு. தைராய்டு பாத்தியா?" என்று கேட்டாள். சிறுநீரகம் போனவளுக்குக் களைப்பு இருக்காதா, இதில் தைராய்டு வேறா என்று சலித்துக்கொண்டேன். அடுத்த மாத ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச்.-ஐயும் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) சேர்த்துப் பார்த்தார்கள். 38 வந்தது. அந்த லேபின் இயல்பு அளவு 0.4 முதல் 4.2 வரை.

எனக்கு ஹீமோடயாலிசிஸ் (மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கி இது 7-ஆவது வருடம். வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம், இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்). முன்பு கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பேன். தங்கை சொன்னது 2-ஆவது வருடத்தில். அந்த 38-ஐ ஒழுங்குக்குக் கொண்டுவர ஒன்றரை வருடம் பிடித்தது. நோட்டைத் திருப்பிப் பார்த்தால் இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டியதே இல்லை. ரத்தம் எடுத்த நேரம் ஒரு முறை தவறியது. குறைபாட்டுக்குத் தந்த தைராக்ஸின் மாத்திரையைப் போட்ட நேரம் தினமும் தவறியது. நான் டாக்டர் இல்லை. மாத்திரையின் அளவை முடிவு செய்வது உங்கள் டாக்டரின் வேலை. ஆனால் நேரம் நம் கையில் இருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 (தைராக்ஸின்) என்ற ஹார்மோனைத்தான் சுரக்கிறது. அது கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் டி3 ஆக மாறினால்தான் உடம்புக்கு முழுப் பலன். சிறுநீரகம் செயலிழந்து, ரத்தத்தில் கழிவும் அமிலத்தன்மையும் கூடி, சாப்பாடும் குறையும்போது இந்த மாற்றம் மந்தமாகிவிடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அயோடின். உடம்பில் மிஞ்சும் அயோடின் வெளியேறுவது முக்கியமாகச் சிறுநீர் வழியாக. அந்த வழி அடைபட்டால் அயோடின் தேங்கும். அயோடின் மிகுந்தால் தைராய்டு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும் சுபாவம் உள்ளது. சிலருக்கு அந்த நிறுத்தம் நீண்டுபோகும். இவை தவிர எல்லோருக்கும் வருகிற காரணம், தைராய்டுக்கு எதிராக உடம்பே எதிரணுக்களை உண்டாக்குவது, நமக்கும் வரலாம். எனக்கு அதுதான்; அதைக் காட்டும் டி.பி.ஓ. எதிரணுப் பரிசோதனை பாசிட்டிவாக இருந்தது.

அதனால்தான் டயாலிசிஸில் இருப்பவர்களிடம் தைராய்டுக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. உங்களுக்கு இதுவரை ஒரு முறைகூட டி.எஸ்.எச். பார்க்கவில்லை என்றால், அடுத்த மாத ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதற்கென்று தனியாக ஒரு குத்து வேண்டாம்.

உடம்பு சொல்வதைப் பிரித்துப் பார்ப்பது

இதில்தான் சிக்கல். களைப்பு, குளிர் தாங்காமை, வறண்ட தோல், மலச்சிக்கல், முக வீக்கம், முடி உதிர்வது, மனச்சோர்வு என்று தைராய்டுக் குறைபாட்டுக்குச் சொல்லும் அறிகுறிகள் ஒவ்வொன்றும் டயாலிசிஸிலேயே வரக்கூடியவை. மலச்சிக்கலுக்கு பாஸ்பேட் பைண்டரே (சாப்பாட்டிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடிக்கும் மாத்திரை) காரணமாகலாம், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் காரணமாகலாம். குளிர், மெஷினில் ஓடும் திரவத்தின் வெப்ப அளவால் வரலாம். அதனால் அறிகுறியை வைத்து மட்டும் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வித்தியாசங்கள் உண்டு. என் உடம்பில் நான் கவனித்ததைச் சொல்கிறேன்.

டயாலிசிஸ் களைப்புக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. முடித்து வந்த மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க முடியாது. மறுநாள் காலை உடம்பு கொஞ்சம் லேசாகும். தைராய்டு குறைந்திருந்த மாதங்களில் அந்த லேசான காலை எனக்கு வரவே இல்லை. செவ்வாயும் புதனும் ஒரே மாதிரி இருந்தன. நோட்டில் அந்த நாட்களுக்கு நேரே "அதே" "அதே" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வீக்கத்தைக் கட்டைவிரலால் சோதிக்கலாம். முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் மேல் 10 விநாடி அழுத்திப் பிடித்து எடுங்கள். தண்ணீர் வீக்கமானால் குழி விழும், மெதுவாகத்தான் நிரம்பும். தைராய்டுக் குறைபாட்டால் வரும் தடிப்பில் பெரும்பாலும் குழி விழாது. என் கண்ணிமைகள் உப்பியிருந்தன, காலில் குழி விழவில்லை, ஆனாலும் எடையைப் பார்த்து, "தண்ணி அதிகமா குடிச்சிருக்கீங்களாம்மா?" என்றுதான் கேட்டார்கள். குடிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்தது ஹீமோகுளோபின். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்டின் ஊசியின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், இரும்புச் சத்தும் போதுமான அளவு இருக்கிறது, கிருமித் தொற்று இல்லை, ஆனாலும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், தைராய்டைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ஊசி உடம்பில் சரியாக வேலை செய்யாததற்கான காரணங்களில், எளிதாகத் திருத்தக்கூடிய ஒன்று தைராய்டுக் குறைபாடு. எனக்கு 8.6-ஐத் தாண்டாமல் 5 மாதம் நின்றது.

அதேபோல எக்கோவில் இதயத்தைச் சுற்றி நீர் இருப்பது தெரிந்தால், டயாலிசிஸ் போதவில்லை என்றுதான் முதலில் நினைப்பார்கள். அது சரியான யோசனைதான். தைராய்டுக் குறைபாட்டாலும் அந்த நீர் கோக்கும் என்பதால் டி.எஸ்.எச்.-உம் அந்த நேரத்தில் பார்க்கப்பட வேண்டும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பது நம்மிடம் குறைவு, ஆனால் அதில் மறைந்திருக்கும் ஓர் ஆபத்து பெரியது. சதை கரையும். சதை கரைந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் தராசில் எடை மாறாது. ட்ரை வெயிட்டும் (மிஞ்சிய தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) பழைய எண்ணிலேயே இருக்கும். வெளியே மெலிந்த தோற்றம், உள்ளே தண்ணீர் தேக்கம், இரவில் மூச்சு முட்டல். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் மேல்கை மெலிவது இவற்றில் இரண்டு சேர்ந்தால், ட்ரை வெயிட்டை மறுபடி கணிக்கச் சொல்லுங்கள். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தம் எப்போது கொடுப்பது

ஊசி குத்தியதும், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரினை ஏற்றும் முன், மெஷினில் இணைக்கும் முன். இதுதான் நேரம்.

ஒரு முறை என் யூனிட்டில் மறந்துவிட்டார்கள். டயாலிசிஸ் ஓடி 2 மணி நேரம் ஆன பிறகு, "ஐயோ அம்மா, உங்க தைராய்டு சாம்பிள் எடுக்கல" என்று லைனிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 24, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) இயல்புக்கு மேலே. டி.எஸ்.எச். அத்தனை கூடியிருந்தால் ஃப்ரீ டி4 குறைந்தோ இயல்பாகவோ இருக்க வேண்டும். இரண்டும் மேலே இருந்ததும் டாக்டரே குழம்பி, மூளைக்குக் கீழே இருந்து டி.எஸ்.எச்.-ஐச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு இருக்குமோ என்று பேச்செடுத்தார். அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த முறை ஹெப்பாரினுக்கு முன் எடுத்துப் பார்த்தார்கள். ஃப்ரீ டி4 இயல்பின் அடிவரம்புக்குக் கீழே இருந்தது.

நடந்தது இதுதான். ஹெப்பாரின் ஏறினால் ரத்தக் கொழுப்பை உடைக்கும் என்சைம் தூண்டப்படும், கொழுப்பு அமிலங்கள் பெருகும். டி4-இல் 99 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் ஓடும். அந்தக் கொழுப்பு அமிலங்கள் டி4-ஐப் புரதத்திலிருந்து தள்ளிவிடும். ரத்தம் டியூபில் காத்திருக்கும் நேரத்திலும் இது தொடரும். அதனால் ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடித் தெரியும். இது போக, மெஷின் தண்ணீரை இழுத்த பிறகு ரத்தம் கெட்டியாகிவிடுவதால் புரதத்தோடு சேர்ந்த மொத்த டி4-இன் எண்ணும் மாறும்.

அதனால் நான் இப்போது செய்வது: முந்தைய நாளே அட்டெண்டரிடம் சொல்லி டியூபில் பெயர் ஒட்டி வைக்கச் சொல்வேன். ஊசி குத்த வந்ததும், "இன்னிக்கு தைராய்டு இருக்கு, ஹெப்பாரினுக்கு முன்னாடி எடுங்க" என்று வாய்விட்டுச் சொல்வேன். ஒரே ஷிப்ட், ஒரே லேப். டி.எஸ்.எச். இரவில் கூடி பகலில் குறையும் இயல்புடையது. சிறுநீரகம் போனவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் மழுங்கியிருக்கும் என்றாலும், ஒரே நேரத்தில் எடுத்த எண்களை ஒப்பிடுவதுதான் நியாயமான ஒப்பீடு. வெளி லேபில் போய்க் கொடுக்க நேர்ந்தால் ஃபிஸ்டுலா கையை நீட்டாதீர்கள்.

காய்ச்சல், தொற்று என்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எடுக்கும் தைராய்டு ரிப்போர்ட்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கடும் நோயில் டி3 விழும், டி.எஸ்.எச்.-உம் இறங்கலாம், தேறிவரும் நாட்களில் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும். அவசரக் காரணம் இல்லையென்றால் உடம்பு தேறி 6 வாரமாவது போகட்டும்.

அப்புறம் பயோட்டின். முடி உதிர்கிறது என்று நம்மில் பலர் போடுகிற வைட்டமின் மாத்திரை. டயாலிசிஸ்காரர்களுக்குக் கொடுக்கும் வைட்டமின் மாத்திரைகள் பலவற்றிலும் சிறிய அளவில் இருக்கும். பல லேப்களின் பரிசோதனை முறையில் பயோட்டினும் ஒரு பாகமாக இருப்பதால், ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் கணக்கு தவறும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடும். பார்த்தால் தைராய்டு அதிகம் சுரப்பவர் ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். என் பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாவுக்கு அப்படி வந்து, சுரப்பைக் குறைக்கும் மாத்திரை எழுதும் வரை போனது. அவர் கையில் நடுக்கம் இல்லை, நாடி 64. முடிக்காக 10 மில்லிகிராம் மாத்திரை போடுவதைக் கடைசி நேரத்தில் அவர் மகள்தான் சொன்னார். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு 2 நாள் நிறுத்தினால் பெரும்பாலும் போதும். நமக்குப் பயோட்டின் மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் இன்னும் அதிக நாள் நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்று டாக்டரிடமும் லேபிலும் கேளுங்கள்.

எண்களை வாசிப்பது

ரிப்போர்ட்டில் டி3 குறைவாக இருந்தால் பதற வேண்டாம். டயாலிசிஸில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் மாற்றம் இது. டி.எஸ்.எச். சரியாக இருந்து டி3 மட்டும் குறைந்திருந்தால், அது பெரும்பாலும் உடம்பின் பொதுநிலையைக் காட்டுகிறது: சத்துக்குறைவு, அழற்சி, அமிலத்தன்மை, போதாத டயாலிசிஸ். அதை மேலே தூக்குவதற்காக ஹார்மோன் மாத்திரை போடுவது வழக்கமில்லை. டி3 குறைந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் அல்புமின் (ரத்தத்தின் முக்கியப் புரதம்) எவ்வளவு, டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா, எங்காவது தொற்று ஒளிந்திருக்கிறதா என்பவை.

மொத்த டி4-உம் குறைந்து தெரியலாம், ஏனென்றால் அதைத் தாங்கும் புரதமும் அது ஒட்டும் விதமும் மாறியிருக்கும். அதனால் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

டி.எஸ்.எச். 10-க்கு மேலே, ஃப்ரீ டி4-உம் குறைவு என்றால் சிகிச்சையில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இருக்காது. 5-க்கும் 10-க்கும் நடுவில் நின்று ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் டாக்டருக்கு டாக்டர் முடிவு மாறும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஆயுளுக்கும் மாத்திரை தொடங்கிவிடாமல், சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை பார்த்து, எதிரணுவும் பார்த்து முடிவு செய்யச் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நம் இதயமும் எலும்பும் ஏற்கெனவே அடி வாங்கியவை. தைராக்ஸின் அதிகமானால் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவதும் எலும்பு மெலிவதும் நமக்குத் தாங்காது.

மாத்திரை போடும் நேரம்

இதுதான் எனக்கு ஒரு வருடத்தைத் தின்றது.

25 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். இதயத்தை உத்தேசித்துக் குறைவாகத் தொடங்குவது நல்ல வழக்கம். 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை பார்த்து 50, 75, 100, 125 என்று கூட்டினார்கள். டி.எஸ்.எச். 38, 31, 27, 24, 19 என்று நொண்டி நொண்டி இறங்கியது. 58 கிலோ எடை எனக்கு. சுரப்பி முழுதாக நின்றுபோனவருக்கே கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம்தான் கணக்கு. அப்படிப் பார்த்தால் 93. நான் 125 போட்டும் குறைபாடு தீரவில்லை. ஒழுங்காகப் போடுகிறேனா என்று சந்தேகமாகக் கேட்டார்கள். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று நோட்டைக் காட்டினேன்.

அந்த வாரம் யூனிட்டுக்கு வந்த மருந்தாளர் பெண் என் படுக்கை அருகே உட்கார்ந்து, "எந்த மாத்திரை எத்தனை மணிக்குன்னு ஒரு நாள் நடக்கறத அப்படியே சொல்லுங்கம்மா" என்றார்.

"அஞ்சு மணிக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை. அஞ்சரைக்குச் சாப்பாடு, கூடவே செவலமர் ரெண்டு. ஆறேகாலுக்குக் கிளம்பிடுவேன்."

பேனாவை மூடிவிட்டார். "நடுவுல அரை மணி நேரம்தானா?"

"வெறும் வயித்துல போடச் சொன்னாங்க. போட்டேனே."

"சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் பரவால்லம்மா. செவலமருக்கு நாலு மணி நேரம் வேணும்."

செவலமரின் வேலையே குடலில் பாஸ்பேட்டைப் பிடித்து வெளியே தள்ளுவது. அதே குடலில் தைராக்ஸின் இருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும். கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிடேட், லாந்தனம், இரும்பு கலந்த பைண்டர்கள், இரும்பு மாத்திரை, அலுமினியம் கலந்த அமில நீக்கிகள், வயிற்றுப் புண்ணுக்கான சுக்ரால்ஃபேட், பொட்டாசியத்தைக் குறைக்கும் ரெசின் பொடி எல்லாமே இந்தக் கூட்டம்தான். இவற்றுக்கும் தைராக்ஸினுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு இதில் சேராது. அது குடலுக்குப் போவதில்லை.

யோசித்துப் பாருங்கள், டயாலிசிஸில் இருப்பவர் ஒவ்வொரு சாப்பாட்டோடும் பைண்டர் போடுகிறார். பகலில் 4 மணி நேர வெற்றிடம் எங்கே இருக்கிறது? இரவில்தான் இருக்கிறது. என் ஏற்பாடு இது: ராத்திரிச் சாப்பாடும் கடைசி பைண்டரும் 7 மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எதுவும் கிடையாது. 11 மணிக்கு அலாரம். தைராக்ஸினை மட்டும் தனி டப்பாவில் தலையணைப் பக்கம் வைத்திருக்கிறேன். 2 மடக்கு தண்ணீர், அந்தத் தண்ணீரும் அன்றைய கணக்கில் சேரும். கடைசிச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரமாவது கழித்துத் தூங்கும் முன் போடுவதும் வெறும் வயிற்றில் போடுவதற்குச் சமம்தான். டயாலிசிஸ் நாள், இல்லாத நாள் என்ற பேதமே இதில் இல்லை. விடியற்காலை விழிப்பு வருபவர்கள் 4 மணிக்குப் போட்டுவிட்டு மறுபடி படுக்கலாம், காலைச் சாப்பாடும் பைண்டரும் 8 மணிக்குப் பிறகு என்றால். காலையில் போடுபவர்கள் காபியையும் ஒரு மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும், அதுவும் உறிஞ்சுதலைக் கெடுக்கும்.

ஆனால் பைண்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். தைராய்டு மாத்திரைக்கு இடைஞ்சல் என்று பைண்டரைக் குறைத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பாஸ்பரஸ் ஏறி அரிப்பில் துடித்தார். நகர வேண்டியது தைராக்ஸின்தான், பைண்டர் சாப்பாட்டோடுதான்.

அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் வேறு மாதிரி. அவை தைராக்ஸினைப் பிடிப்பதில்லை. வயிற்றில் அமிலம் குறைந்தால் மாத்திரை சரியாகக் கரைந்து சேராது. இதற்கு மணிக்கணக்கில் தள்ளிப்போட்டுப் பயனில்லை. தொடர்ந்து போடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், புதிதாகத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரைக் கம்பெனியையும் அடிக்கடி மாற்ற வேண்டாம்.

நேரத்தைத் திருத்திய பிறகு ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். நான் 125-ஐ அப்படியே 11 மணிக்கு மாற்றினேன். அதுவரை குடலிலேயே வீணாகிக்கொண்டிருந்த மருந்து முழுதாக உடம்பில் சேரத் தொடங்கியது. 6-ஆவது வாரம் படபடப்பு. டயாலிசிஸ் தொடங்கும் முன்னரே மானிட்டரில் நாடி 112. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், துடிப்பு வேகம்தான், ஒழுங்கு தப்பவில்லை. டி.எஸ்.எச். 0.1. அளவை 75-க்குக் குறைத்தார்கள். 8 வாரம் கழித்து 2.8 வந்தது. 19-இல் நின்ற காலத்திலேயே ஒருவர் நேரத்தைக் கேட்டிருந்தால் 125-க்குப் போயிருக்கவே வேண்டாம். அதனால் நேரத்தை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை அப்போதே குறைக்க வேண்டுமா என்று அவர் பார்க்கட்டும். எப்படியானாலும் 6 வாரத்தில் ரத்தம் கொடுங்கள். நெஞ்சுவலி, ஒழுங்கற்ற துடிப்பு வந்தால் அந்த 6 வாரத்துக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். குறைபாடு முற்றியவருக்கு உடம்பு சில்லிட்டு, எழுப்பினால் எழாத தூக்கமும் குழப்பமும் வந்தால் அதுவும் அவசரம்.

ஹீமோகுளோபின் அடுத்த 4 மாதத்தில் 8.6-இலிருந்து 10.7 ஆனது, ஊசியின் அளவைக் கூட்டாமலே.

பலர் என்னிடம் கேட்கும் கேள்வி: டயாலிசிஸில் தைராக்ஸின் வெளியே போய்விடுமா, முடித்து வந்து இன்னொன்று போட வேண்டுமா? வேண்டாம். புரதத்தோடு ஒட்டியிருப்பதால் ஹீமோடயாலிசிஸில் அது வெளியேறுவது அற்பம். ரத்தத்தில் பாதி குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால்தான் அளவை மாற்றினால் 6 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் ஒரு வேளை மறந்தாலும் உடனே ஒன்றும் ஆகிவிடாது. மறந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அயோடின் வரும் வழிகள்

ஃபிஸ்டுலாவில் அடைப்பு பார்க்க, இதயக் குழாய் பார்க்க, சி.டி. எடுக்க ஏற்றும் சாயத்தில் அயோடின் மிக அதிகம். அது தேவையென்றால் செய்துதான் ஆக வேண்டும். செய்த தேதியைக் குறித்து வைத்து, சில வாரங்களில் டி.எஸ்.எச். பாருங்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோன் மாத்திரையில் எடையில் சுமார் 37 சதவீதம் அயோடின்; 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 75 மில்லிகிராம். ஒரு நாளைக்கு ஒருவருக்குத் தேவைப்படுவது 150 மைக்ரோகிராம்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மாத்திரை தொடங்கும் முன் ஒரு முறையும், பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறையாவதும் தைராய்டு பார்க்க வேண்டும். புண்ணில் தினமும் போவிடோன் அயோடின் தடவுபவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். கடற்பாசி கலந்த சத்துப்பொடிகளைத் தொடவே வேண்டாம்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெளியே வடியும் திரவத்தில் தினமும் புரதம் போகிறது. அதோடு தைராய்டு ஹார்மோனைத் தாங்கும் புரதமும் கொஞ்சம் ஹார்மோனும் போகும். நல்ல சுரப்பி இதை ஈடுகட்டிவிடும். மாத்திரையில் இருப்பவர்கள் ஹீமோவிலிருந்து இதற்கு மாறினால் 6 முதல் 8 வாரத்தில் ஒரு டி.எஸ்.எச். கேளுங்கள். குழாய் நுனி மூடி பலவற்றில் போவிடோன் அயோடின் இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். சிறு குழந்தைகளுக்கு இது பெரிய விஷயம்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து காத்திருக்கிறேன். அது கிடைக்கும் அன்று, பைண்டர்கள் நின்றுவிடும் அன்று, தைராக்ஸினின் கணக்கும் மாறிவிடும். ஆபரேஷன் பரபரப்பில் யாருக்கும் இது நினைவு வராது. அதனால் தங்கையிடம் படித்துக் காட்டி வைத்திருக்கிறேன்: "பைண்டர் நிறுத்திய தேதியிலிருந்து 6 வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்கவும்."